நானோ மருந்துக்குக் காத்திருப்பதா, இன்றிரவே எனிமா எடுப்பதா?

பாப்பிரெட்டிப்பட்டியில் என் அக்கா வீட்டு வாசலில் மாசி மாதம் முழுக்க வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருக்கும். இந்த ஆண்டு அந்த வாசலைத் தாண்டி உள்ளே போன எனக்கு, அக்கா மகன் ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினான். மேலே ‘நானோ குர்குமின்’ என்று எழுதியிருந்தது. மஞ்சளின் சத்தான குர்குமினை மிக நுண்ணிய துகளாக்கியது என்று பொருள். “மாமா, இது நேராகப் புண்ணுக்கே போய்ச் சேருமாம். இனிமேல் அந்த எனிமா தேவைப்படாது அல்லவா?” என்று கேட்டான். அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: “வாசலில் மூட்டை மூட்டையாகக் காய்கிறது. இவன் அதையே டப்பாவில் விலைகொடுத்து வாங்கியிருக்கிறான்.”

அவனுக்கு வயது 29. ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூன்று ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவர் சிவந்து புண்ணாகி இரத்தம் கசியும் நோய். தொலைபேசியில் யாரோ பேசி அந்த டப்பாவை விற்றிருக்கிறார்கள். அதை நம்பி, மாத்திரையையும் ஆசனவாய் வழியாகச் செலுத்தும் திரவ மருந்தான எனிமாவையும் ஆறு வாரமாக நிறுத்திவிட்டான். இப்போது மறுபடி இரத்தம். ஒரு நாளைக்கு ஐந்து முறை வெளிக்குப் போகிறான்.

தருமபுரியில் முப்பது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். நோயைக் கண்டறிவதும் மருந்தை எழுதுவதும் மருத்துவர் வேலை. ஆனால் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்து, “இதில் எது நல்லது, எதை விட்டுவிடலாம்?” என்று கேட்பவர்கள் என் முன்னால்தான் நிற்கிறார்கள். அக்கா மகனுக்காக அன்று உட்கார்ந்து யோசித்ததை, அதே கேள்வி உள்ள மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பதற்றம் வந்தால் வயிறு கலக்குவது, வாயு, மலச்சிக்கலும் பேதியும் மாறிமாறி வருவது போன்ற தொல்லைகளில் குடலில் புண் இருக்காது. அது வேறு கோளாறு. இங்கே பேசுவது கொலோனோஸ்கோபியில், அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுச் செய்யும் பரிசோதனையில், கண்ணால் பார்க்க முடிகிற அழற்சியைப் பற்றி. அதிலும் இரண்டு வகை. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலில் மட்டும் வரும். ஆசனவாய்க்கு அருகே தொடங்கி இடைவெளி இல்லாமல் மேலே ஏறும், உட்சுவரோடு நிற்கும். க்ரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். திட்டுத்திட்டாக வரும், குடல் சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கும், சிறுகுடலின் கடைசிப் பகுதியை அதிகம் தாக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முடிவே இதைப் பொறுத்து மாறப்போகிறது.

பழைய மருந்தும் விலாசம் தேடிய மருந்துதான்

‘புண்ணுக்கு நேராகப் போய்ச் சேரும் மருந்து’ என்றதும் ஏதோ இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று தோன்றுகிறது. உண்மையில் இந்த நோயின் மருந்து வரலாறே விலாசம் தேடிய வரலாறுதான். ஸ்வீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டு அழற்சிக்காக சல்ஃபாசலசின் என்ற மருந்தை உருவாக்கச் செய்தார். அது குடல் புண்ணையும் ஆற்றுவதை 1942-இல் எழுதினார். அந்த மருந்து இரண்டு மூலக்கூறுகளை ஒரு வேதிப் பிணைப்பால் சேர்த்துக் கட்டிய மூட்டை. வயிற்று அமிலத்தாலும் சிறுகுடலாலும் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அவிழ்க்கும். பூட்டைச் செய்து, சாவியைப் பெருங்குடலிலேயே வைத்திருந்தது போல.

அவிழ்ந்த இரண்டில் வேலை செய்வது எது என்பது 35 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான் என்ற வங்கதேச மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் முழு மருந்தையும் அதன் இரண்டு பாதிகளையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது மெசலமின் என்ற பாதி. மற்றப் பாதி வெறும் வண்டி. தலைவலி, குமட்டல், ஒவ்வாமை போன்ற தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த வண்டியால் வந்தவை.

அப்படியானால் மெசலமினை மட்டும் விழுங்கிவிடலாமே என்றால், முடியாது. உறையில்லாமல் விழுங்கினால் சிறுகுடலின் மேற்பகுதியே அதை உறிஞ்சிச் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால்தான் இன்று கடையில் இத்தனை வகை மெசலமின். சில மாத்திரைகளின் உறை, காரகாடித்தன்மை (pH) 7-ஐத் தொட்டால் மட்டும் கரையும். சில சிறு குருணைகளாக இருந்து, சிறுகுடலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும். சில மாத்திரைகள் பெருங்குடல் நெடுக மெல்லக் கசியும்படி அடுக்கடுக்காகச் செய்யப்பட்டவை. “மெசலமின்தானே, எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன” என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. மருந்து ஒன்றுதான், இறங்கும் நிறுத்தம் வேறு.

புண் கடுமையாக இருக்கும்போது பெருங்குடலின் காரகாடித்தன்மை குறைந்துபோகலாம், குடல் வேகமாகவும் ஓடும். உறை கரையாமல் மாத்திரை அப்படியே மலத்தில் வந்து விழுந்ததாகச் சிலர் வந்து சொல்வதுண்டு. அது போலி மருந்து என்று என்னிடம் சண்டைக்கு வந்தவரும் உண்டு. அப்படிக் கண்டால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேறு வகை உறைக்கு மாற்றுவார்.

நானோ என்ன வாக்குக் கொடுக்கிறது

ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். மருந்து ஏற்றிய நானோ துகள் நூறிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை இருக்கும். அழற்சி உள்ள இடத்தில் குடலின் உட்சுவர் கசிவு கண்டிருக்கும், சளிப்படலம் கிழிந்திருக்கும், கண்டதை விழுங்கும் வெள்ளணுக்கள் அங்கே கூட்டமாக நிற்கும். ஆரோக்கியமான இடத்தில் வழுக்கிப் போகும் துகள், புண்ணில் சிக்கிக்கொள்ளும் என்பதுதான் அடிப்படை எண்ணம். புண் உள்ள இடத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட புரதங்கள் சேர்ந்திருப்பதால், எதிர்மின்னூட்டம் கொடுத்த துகள் அங்கே ஒட்டும் என்பது அதன் மேல் இன்னொரு எண்ணம்.

2001-இல் ஆல்ஃப் லாம்ப்ரெக்ட் குழுவினர் எலிகளின் பெருங்குடலில் புண் உண்டாக்கி, மூன்று அளவுத் துகள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்) துகளில் சுமார் 5 சதவீதம் புண்ணில் ஒட்டியது. 0.1 மைக்ரான் துகளில் 14 சதவீதத்துக்கு மேல் ஒட்டியது. ‘சிறிதானால் சிறப்பு’ என்ற நம்பிக்கை அங்கே வேர்விட்டது. 2010-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒன்றைச் செய்தார்கள். புண்ணில் பொங்கும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பட்டால் மட்டும் உடையும் துகளுக்குள், அழற்சியைத் தூண்டும் புரதத்தின் உற்பத்தியை நிறுத்தும் ஆர்.என்.ஏ. துணுக்கை அடைத்து எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். எலிகள் தேறின. 2016-இல் அதே ஊரில் இன்னொரு குழு இஞ்சிச் சாற்றிலிருந்தே 230 நானோமீட்டர் அளவுள்ள துகள்களைப் பிரித்து எலிகளுக்குக் கொடுத்தது. அவையும் தேறின. இஞ்சிச் செய்தி வந்தபோது அதன் பத்திரிகைத் துணுக்கை வெட்டிக்கொண்டு என் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர், இஞ்சிக் கஷாயமே போதும் என்று முடிவு செய்து மாத்திரைகளைத் திருப்பித் தர வந்திருந்தார்.

எலிகள் தேறுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகளில் எலியின் குடிநீரில் ஒரு வேதிப்பொருளைக் கலந்து ஒரு வாரத்தில் புண்ணை வரவழைக்கிறார்கள். அந்தத் தண்ணீரை நிறுத்தினாலே எலி தானாகத் தேறத் தொடங்கும். அக்கா மகனுக்கு அப்படி நிறுத்துவதற்கு ஒரு தண்ணீர்க் குழாய் இல்லை. அவன் உடலே அவன் குடலோடு வாழ்நாள் வழக்கு நடத்துகிறது.

மனிதர்களிடம் பார்த்தபோது என்ன ஆயிற்று? ஜெர்மனியின் யேனா நகர மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, நானோ பேச்சை எடுக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. குடல் அழற்சி நோயாளிகளுக்கு ஆசனவாய் வழியாக 250 நானோமீட்டர் துகள்களையும், 3 மைக்ரான் துகள்களையும் செலுத்தி, புண்ணில் எது தங்குகிறது என்று பார்த்தார்கள். புண்ணில் நன்றாகச் சேர்ந்தது பெரிய துகள். நானோ துகள் மெல்லிய தடயமாக மட்டுமே காணப்பட்டது. எலி சொன்னதற்கு நேர் எதிர்.

அந்த ஆய்வு நானோவைக் கொன்றுவிடவில்லை. வேறு பூச்சு, வேறு மின்னூட்டம், வேறு பொருள் என்று முயற்சிகள் தொடர்கின்றன. ஆனால் வாய்வழியாகப் போகும் துகள் கடக்க வேண்டிய வழியை எண்ணிப் பாருங்கள்: வயிற்றின் அமிலம், கணையத்தின் நொதிகள், ஆறு மீட்டர் அளவுக்குச் சிறுகுடல், அதன்பின் சளி. இத்தனையும் தாண்டி வந்தால், புண்பட்ட பெருங்குடல் ஒரு நாளைக்கு ஐந்து முறை எல்லாவற்றையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. காவிரியில் வெள்ளம் வரும் நாள்களில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை போடுகிறார்கள். பரிசல் நல்ல பரிசல்தான், ஆனால் அந்த வேகத்தில் கரை ஒதுங்க முடியாது. இந்த மருந்தின் நிலையும் அதுதான்.

இன்றைய தேதியில் குடல் அழற்சியை ஆற்றுவதற்கென்று ஒப்புதல் பெற்ற நானோ துகள் மருந்து எதுவும் கடையில் இல்லை. இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிட 2019-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியாகிவிட்டது. நெறிமுறை தயார், சரக்குதான் வரவில்லை.

ஒரு வேடிக்கை. இந்த நோயாளிகளில் பலர் அறியாமலே ஒரு நானோ மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இரத்தம் போய்ப்போய் இரும்புச்சத்து வற்றியவர்களுக்கு நரம்பில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ், சர்க்கரை உறை போர்த்திய நானோ அளவு இரும்புத் துகள்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு ஏற்றுவதும் அதேதான். நானோ என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளை நிறத்துக்காக இனிப்புகளிலும் மாத்திரை உறைகளிலும் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடின் நானோ துகள்கள் எலிகளின் குடல் அழற்சியை மோசமாக்கியதை 2017-இல் சூரிச் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதை உணவிலிருந்தே விலக்கியது. புண்ணில் மருந்தேற்றிய துகள் சிக்கும் என்றால் மற்றத் துகள்களும் சிக்கும். சிறியது என்பதாலேயே ஒன்று சாது ஆகிவிடாது.

டப்பாவில் இருந்தது

இனி அந்த மஞ்சள் டப்பா. மஞ்சளை நான் எள்ளுபவன் இல்லை. அக்கா வீடு அதில்தான் நிற்கிறது. குர்குமினுக்குக் குடல் அழற்சியில் உண்மையான மனித ஆய்வுகளும் உண்டு. 2006-இல் ஜப்பானில் 89 பேரிடம், வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்குமின் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் நோய் திரும்பியவர்கள் சுமார் 5 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 20 சதவீதம். 2015-இல் வந்த மற்றோர் ஆய்வில், மெசலமினோடு தினம் 3 கிராம் சேர்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு மாதத்தில் நோய் அடங்கியது. மறுபுறம், டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை.

அளவு எவ்வளவு முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ந்த மஞ்சளில் குர்குமின் 3 முதல் 5 சதவீதம். நான்கு என்று வைத்தால், 2 கிராம் குர்குமினுக்கு 50 கிராம் மஞ்சள்தூள் வேண்டும், அதுவும் தினம். குழம்பில் போடும் அரை ஸ்பூனால் ஆகிற காரியம் இல்லை. அக்காவுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

நானோ குர்குமினுக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஈரானில் 2018-இல் 56 பேரிடம் 80 மில்லிகிராம் கேப்ஸ்யூலை நாளுக்கு மூன்று வேளை, மெசலமினோடு சேர்த்து நான்கு வாரம் கொடுத்தார்கள். அறிகுறி மதிப்பெண் ஓரளவு கூடுதலாகக் குறைந்தது. சிறிய ஆய்வு, குறுகிய காலம். ஆனாலும் இருக்கிறது, மறுக்க மாட்டேன். இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு சொல் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள்: ‘சேர்த்து’. மெசலமினை நிறுத்திவிட்டு யாரும் கொடுக்கவில்லை. தொலைபேசியில் விற்றவர் விழுங்கியது அந்த ஒரு சொல்லைத்தான்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. டப்பாவில் ‘இரத்தத்தில் 20 மடங்கு அதிகம் சேரும்’ என்று போட்டிருந்தது. அந்த 20 மடங்குக் கதை பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் மிளகின் பைப்பரினோடு குர்குமினைச் சேர்த்துப் பார்த்த ஆய்விலிருந்து கிளம்பியது. அது மிளகுக்கான எண், இந்த டப்பாவில் மிளகே இல்லை. அதை விட்டாலும், குர்குமின் இரத்தத்தில் அதிகம் சேர்வது மூட்டுவலிக்காரருக்கு நன்மையாக இருக்கலாம். பெருங்குடல் புண்ணுக்கு எதற்கு? சாதாரண குர்குமின் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை வந்து தங்குவதுதான் இங்கே அதன் ஒரே பலம். அதை நானோவாக்கி இரத்தத்துக்குள் தள்ளுவது, பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்க வேண்டியவனைச் சேலம் வரை கூட்டிப்போவது போன்றது. நன்றாக உறிஞ்சப்படும்படி செய்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் வீங்கிய நிகழ்வுகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரை இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது உணவு. மருந்து என்றால் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். உணவாக உரிமம் பெற்றது நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லக் கூடாது. அதனால்தான் அட்டையில் சொல்லாததைத் தொலைபேசியில் சொல்கிறார்கள்.

எனிமாவுக்காக ஒரு வாதம்

அக்கா மகனின் கொலோனோஸ்கோபி அறிக்கையை எடுத்துவரச் சொன்னேன். புண் ஆசனவாயிலிருந்து இடதுபக்கப் பெருங்குடலின் மேல் வளைவுக்குக் கொஞ்சம் கீழே வரை. அதற்கு மேலே குடல் சுத்தம். இந்த ஒரு வரியில் பாதி முடிவு கிடைத்துவிட்டது.

ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரை கடைசி ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் போகும். நுரை மருந்து அதற்குக் கொஞ்சம் மேலே. திரவ எனிமா, இடதுபுறம் சரிந்து படுத்தால், அந்த மேல் வளைவு வரை ஏறும். அதாவது அவனுடைய புண் முழுவதையும் எனிமா நனைத்துவிடும். வயிற்று அமிலம் இல்லை, நொதி இல்லை, ஆறு மீட்டர் பயணம் இல்லை. உறிஞ்சப்பட்டு வீணாவது குறைவு, புண்ணின் மேல் மருந்தின் அடர்த்தி அதிகம். நானோ துகளை வைத்து உலகெங்கும் ஆய்வகங்கள் எதை எட்டப் பாடுபடுகின்றனவோ, அதைப் பக்கத்து வழியாக வந்து ஒரு பிளாஸ்டிக் குப்பி செய்துவிடுகிறது. அழகில்லாத வழி என்பதால் யாரும் அதைப் புகழ்வதில்லை.

புண் இன்னும் மேலே பரவியவர்களுக்கும் இது பொருந்துவதை 2005-இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. தினம் 4 கிராம் மெசலமின் விழுங்கியவர்களில் ஒரு பிரிவினர் முதல் நான்கு வாரம் 1 கிராம் மெசலமின் எனிமாவும் எடுத்தார்கள். எட்டாவது வாரத்தில் அவர்களில் 64 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியிருந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 43 சதவீதம். ஒரு புது மூலக்கூறு இவ்வளவு வித்தியாசம் காட்டியிருந்தால் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

ஏன் விடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒசூரில் அவன் நான்கு பேருடன் ஓர் அறையில் இருக்கிறான், கழிவறை ஒன்று. எனிமாவை உள்ளே விட்டுவிட்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்து அறைத்தோழன் ஒருவன் என்னவென்று கேட்டிருக்கிறான். பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் வேறு. “மாமா, மாத்திரையானால் வைட்டமின் என்று சொல்லிவிடலாம்” என்றான். இந்தக் கூச்சத்தை எந்த ஆய்வும் எண்ணிக் காட்டுவதில்லை. 2003-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு எண்ணியது வேறொன்றை: மெசலமினை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டையும் தராசில் வைக்க வேண்டியவன் அவன்தான்.

பெண் பார்ப்பதால் இன்னொன்றையும் சொன்னேன். விலை குறைவென்று பழைய சல்ஃபாசலசினுக்கு மாறச் சிலர் யோசனை சொல்வார்கள். ஆண்களுக்கு அது விந்தணுக்களைக் குறைக்கும். நிறுத்தினால் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றாலும், கல்யாணத்தை வைத்துக்கொண்டு அதற்குப் போக வேண்டியதில்லை.

மற்ற வழிகள்

ஸ்டீராய்டு வேகமானது. பிரெட்னிசலோன் சில நாளிலேயே இரத்தத்தை நிறுத்தும், உடம்பு முழுவதற்கும் அதற்கு விலை கொடுக்க வேண்டும். சர்க்கரை, எலும்பு, முகவீக்கம். புடசோனைடு என்ற ஸ்டீராய்டை, பெருங்குடலில் மட்டும் கரையும் 9 மில்லிகிராம் மாத்திரையாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2013-இல் ஒப்புதல் பெற்றது, எட்டு வாரம் எடுப்பது. உறிஞ்சப்பட்டதில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குக் கல்லீரலே அழித்துவிடும் என்பதால் உடம்பின் மற்ற பாகங்களுக்கு அது அவ்வளவாகப் போகாது. நானோ இல்லாமலே விலாசத்துக்குப் போகும் இன்னொரு மருந்து. மெசலமின் இரண்டு வழியிலும் கொடுத்துப் போதாதபோது நான் எதிர்பார்க்கும் அடுத்த சீட்டு இதுதான். எந்த ஸ்டீராய்டையும் வருடக்கணக்கில் ஓட்டக் கூடாது.

நோயெதிர்ப்பை அடக்கும் அசதையோபிரின் மாத்திரை மலிவு, ஆனால் பலன் தெரியவே இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்தியர்களில் கணிசமானோருக்கு உள்ள ஒரு மரபணு வேறுபாட்டால் வெள்ளணுக்கள் திடீரெனச் சரியலாம். தொடக்கத்தில் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்ய முடியாதவர்கள் இதைத் தொடவே கூடாது.

ஊசிகளுக்கு வருவோம். இன்ஃப்ளிக்சிமாப் 1998-இல் க்ரோன் நோய்க்கு வந்தது, 2005-இல் அல்சரேட்டிவ் கோலைட்டிசுக்கு. முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் டிரிப்ஸாக ஏற்ற வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டிக்காரருக்கு அது சேலமோ பெங்களூரோ போய்வரும் ஒரு முழு நாள். அடலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் தானே போட்டுக்கொள்வது. அதன் உயிரியொத்த வடிவத்தை, அதாவது அதையொத்து வேறு நிறுவனம் தயாரிக்கும் பயோசிமிலரை, உலகிலேயே முதலில், 2014-இல், விற்பனைக்குக் கொண்டுவந்தது ஓர் இந்திய நிறுவனம் என்பதால் நமக்கு விலை இறங்கியது. இறங்கியும் பல ஆயிரம்தான். இந்த ஊசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு வருவதும், மின்வெட்டு நாளில் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறக்காமல் காப்பதும் இந்தச் சிகிச்சையின் பகுதிகள்தாம்.

காசநோயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு ஊசிகளும் உடம்பில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும். நம் நாட்டில் அது பலரிடம் உறங்குகிறது. மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான தோல் அல்லது இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் முதல் ஊசியைப் போடச் சம்மதிக்காதீர்கள். சிறுகுடலின் கடைசியில் வரும் காசநோய், பார்வைக்கு க்ரோன் நோய் போலவே இருந்து மருத்துவர்களையே ஏமாற்றும். குடலுக்கு மட்டும் போகும் வெள்ளணுக்களை மறிக்கும் வெடோலிசுமாப் இந்த அபாயத்தில் குறைவானது, செலவில் அதிகமானது. டோஃபாசிட்டினிப் மாத்திரை என்பதால் பயண வசதி, இந்தியாவில் விலையும் இறங்கிவிட்டது. அக்கி, இரத்த உறைவு, இதயக் கோளாறு ஆகிய எச்சரிக்கைகளைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். இந்த வரிசைக்கெல்லாம் இப்போது அவன் வரத் தேவையில்லை. மாத்திரையும் எனிமாவும் அவனைக் கைவிடவில்லை, அவன்தான் அவற்றைக் கைவிட்டான்.

யாருக்கு நானோ

என் பார்வையில், ஆசனவாயிலிருந்து எட்டக்கூடிய புண் உள்ளவர்கள் நானோவுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. உண்மையான எதிர்பார்ப்பு க்ரோன் நோயாளிகளுக்குத்தான். சிறுகுடலின் கடைசியில் புண் உள்ளவருக்கு எனிமா எட்டாது, மெசலமின் அவ்வளவாகப் பயன்படாது. பெரும்பாலான ஊசிகள் உடம்பு முழுவதன் நோயெதிர்ப்பையும் அடக்கித்தான் குடலை அடக்குகின்றன. அந்த இடத்தில் மட்டும் உடையும் துகள் ஒன்று வந்தால் அவர்களுக்கு அது புது வாழ்வு. கிருஷ்ணகிரியிலிருந்து மருந்து வாங்க வரும் ஒரு தாய்க்கு இதை நான் நம்பிக்கையோடுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் வரும்வரை ஊசியை நிறுத்தக் கூடாது என்பதோடு சேர்த்து.

முந்திக்கொள்ள விரும்புபவருக்கு நேரான வழி மருந்து ஆய்வில் சேர்வது. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அதை யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். 2019 விதிகளின்படி ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் நடத்துபவர் பொறுப்பு. பதிவு எண் கேட்டால் மழுப்புபவரும், ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்பவரும் ஆய்வு நடத்தவில்லை, வியாபாரம் நடத்துகிறார்கள்.

அக்கா மகன் மறுநாளே மருத்துவரைப் பார்த்தான். மாத்திரையும் எனிமாவும் திரும்பத் தொடங்கின. சிறுநீரகத்துக்காக கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார், மெசலமின் எடுப்பவர்கள் அவ்வப்போது பார்க்க வேண்டியது அது. எட்டு வாரம் கழித்து, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் கால்புரோடெக்டின் பரிசோதனை மலத்தில். அதில் அடங்கவில்லை என்றால் புடசோனைடு. குர்குமினைப் பற்றி அவனே கேட்டிருக்கிறான். நோய் அடங்கிய பிறகு, மெசலமினோடு சேர்த்து, கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டு பார்க்கலாம், இந்த டப்பா வேண்டாம் என்றாராம்.

மிச்சம் இருந்தது ஒசூர் அறை. இரவு ஷிப்ட் வாரத்தில் எனிமாவை எப்போது எடுப்பது? காலையில் அறைக்கு வரும்போது தோழர்கள் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். கழிவறை காலி. வெளிக்குப் போய்விட்டு வந்து, குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, இடதுபுறம் சரிந்து படுத்து அப்படியே தூங்கிவிடலாம். பகல் ஷிப்ட் வாரங்களுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. எல்லோரும் தூங்கிய பின் விளக்கை அணைத்துவிட்டு எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பெட்டியை மட்டும் என் கடையிலேயே பிரித்து, குப்பிகளைத் தனியாக ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன்.